வால் தோலா, காது தோலா, முதுகுத் தோலா? சுண்டெலிக்குத் தோல் ஒட்டும் முன் ஒரு கணக்கு

தோல் ஒட்டு அறுவையைப் புதிதாகத் தொடங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: வால் தோல் எடுக்கவா, காது தோல் எடுக்கவா, முதுகுத் தோல் எடுக்கவா? ஒரு மாதம் கழித்து அதே ஆள் திரும்ப வருவார். இப்போது கேள்வி வேறு. "எட்டு எலிக்கு ஒட்டினேன், மூன்றுதான் தேறியது. மீதியெல்லாம் நிராகரிப்பா, என் கைக்கோளாறா?"

இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் தோலில் இருக்காது, ஒட்டின் மேல் சுற்றும் கட்டுத்துணியில் இருக்கும். அறுவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டு ஏழு நாள் எலியின் உடம்பில் இருக்கும். அந்த ஏழு நாளையும் சேர்த்துத்தான் எந்தத் தோல் மலிவு, எது விலை அதிகம் என்று சொல்ல முடியும்.

நான் மனதில் வைத்திருப்பது நோய் எதிர்ப்பியல் கூடங்களில் வழக்கமாக நடக்கும் சோதனை: பால்ப்-சி வகைச் சுண்டெலியின் தோலை பிளாக்-6 வகைச் சுண்டெலியின் மார்புப் பக்கவாட்டில் ஒட்டி, எத்தனையாவது நாளில் நிராகரிக்கப்படுகிறது என்று பார்ப்பது. எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் ஒட்டு கருகி விழும். இரு வகைகளும் திசுப் பொருத்த மரபணுக்களில், அதாவது எது சொந்தத் திசு, எது அயல் திசு என்று உடம்புக்கு அடையாளம் காட்டும் மரபணுக்களில், முழுக்க வேறுபட்டவை என்பதே காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயம் பார்க்கிறேன்.

ஒரு கொடை எலியிலிருந்து எத்தனை ஒட்டு கிடைக்கும் என்பது முதலாவது. எலிக்கணக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் அனுமதி விண்ணப்பமான படிவம் பி-யில் எழுதப்படும். பிறகு கூட்டிக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, புதிய கைக்கு எவ்வளவு சுலபம். மூன்றாவது, நிராகரிப்பைக் கண்ணால் படிப்பது எவ்வளவு தெளிவு. நான்காவது, கடைசியில் நுண்ணோக்கியில் பார்க்கத் திசு மிஞ்சுமா. ஐந்தாவது, பெறும் எலிக்கு எவ்வளவு பாரம். இந்த ஐந்தாவதைத் தர்மக் கணக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வலியிலும் பயத்திலும் இருக்கும் எலியின் எதிர்ப்பு மண்டலம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அது உங்கள் தரவையும் கெடுக்கும்.

## வால் தோல்

கொடை எலியை விதிப்படி உயிர்நீக்கிய பின், வாலை அடி முதல் நுனி வரை நீளவாக்கில் கீறி உரித்தால் தோல் ஒரு பட்டையாக வந்துவிடும். அதைக் குறுக்காக வெட்டினால் ஒரு வாலில் ஐந்தாறு நல்ல துண்டுகள் தேறும். தடிப்பான தோல் என்பதால் இடுக்கியில் பிடித்தாலும் கிழியாது. அடியில் சுரண்டி எடுக்கக் கொழுப்பு அதிகம் இல்லை. தையல் இல்லாமல் கட்டு மட்டும் போட்டாலே உட்காரும். புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மறைந்திருக்கும் செலவு படிப்பதில் வருகிறது. வால் தோல் இயல்பிலேயே செதில் செதிலாக, வறண்டு இருக்கும். கட்டைப் பிரித்ததும் மேல்தோல் ஒரு அடுக்கு உரிந்து வரும், அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் உயிரோடு இருக்கும். பார்த்த மாத்திரத்தில் "போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். போகவில்லை. ஈரப்பஞ்சால் ஒற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். நிராகரிப்பில் முதலில் வீக்கமும் சிவப்பும் வரும், பிறகு நிறம் கறுக்கும், கடைசியில் ஒட்டு விறைத்துச் சுருங்கி ஓடு மாதிரி ஆகும். தொட்டால் மென்மையாக இருக்கும் ஒட்டை இறந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

வெட்டிய துண்டு சுருண்டுகொள்ளும் என்பது இன்னொரு தொல்லை. உப்புக் கரைசலில் நனைத்த வடிதாளில் விரித்து, பெட்ரி தட்டில் வைத்து, தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்தால் அடங்கும்.

## காது தோல்

காதை இரண்டு தாளாகப் பிரித்து, குருத்தெலும்பு ஒட்டாத பின்பக்கத் தாளை எடுப்பது முறை. மெல்லிய தோல். ஒட்டு முதல் ஓரிரு நாள் கீழிருந்து ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிழைக்கிறது, அதற்குப் பின்னரே ரத்தக் குழாய்கள் சேர ஆரம்பிக்கும். தோல் எவ்வளவு மெல்லிதோ அவ்வளவுக்கு இந்த ஊறல் சுலபம். அதனால் நல்ல கையில் காது தோல் அழகாகப் பிடிக்கும்.

ஆனால் நல்ல கை வேண்டும். ஈரமானால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், தலைகீழாக ஒட்டிவிட்டு ஏழு நாள் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எலிக்கு இரண்டு ஒட்டுதான் நிச்சயம். உட்பக்கத் தாளையும் சேர்த்து நான்கு என்று கணக்குப் போடலாம், ஆனால் குருத்தெலும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்த துண்டு சரியாகப் பிடிக்காது. நிராகரித்த பின் பார்த்தால் மிஞ்சுவது ஒரு பொருக்கு, அதில் திசு வெட்டி ஆராய அதிகம் இருக்காது.

காது எப்போது சரி? ஒட்டுக்குள் எந்த உயிரணு நுழைகிறது, எங்கே போகிறது என்று தோலை விரித்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வென்றால் மெல்லிய தோல் பெரிய வசதி. கொடை எலியின் வால் ஏற்கெனவே மரபணுச் சோதனைக்காக நுனி வெட்டப்பட்டிருந்தாலும் காது உதவும். மற்றபடி எனக்கு இதில் பெரிய ஆசை இல்லை.

## முதுகுத் தோல்

எண்ணிக்கையில் இதுதான் தாராளம். ஒரு எலியின் முதுகும் பக்கவாட்டும் சேர்ந்தால் எட்டுக்கு மேல் எடுக்கலாம். பிடித்துவிட்டால் படிப்பதும் இதில்தான் தெளிவு, ஏனென்றால் முடி முளைக்கும். பால்ப்-சி வெள்ளை, பிளாக்-6 கறுப்பு. கறுப்பு எலியின் விலாவில் வெள்ளை முடி நிற்கிறதென்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

1953-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் தன் கூட்டாளிகள் பில்லிங்ஹாம், பிரெண்ட் இருவருடனும் காட்டியது இதைத்தான். கருவிலேயே 'ஏ' என்ற அயல் வகையின் உயிரணுக்களைப் பெற்ற, சிபிஏ என்ற பழுப்பு வகை எலிகள், வளர்ந்தபின் அந்த 'ஏ' வகையின் வெள்ளைத் தோலை ஏற்றுக்கொண்டன. பழுப்பு உடம்பில் நின்ற வெள்ளைத் திட்டுதான் சான்று. 1960-ல் மெடாவருக்கு நோபல் கிடைத்தது இந்த வழியில்தான். ஒரே நிற வகைகளுக்குள் ஒட்டினால் நிறம் உதவாது. அப்போது முடியின் திசை எதிராக இருக்கும்படி தோலைத் திருப்பி ஒட்டுங்கள், பிறகு எது ஒட்டு, எது சொந்தத் தோல் என்ற குழப்பம் வராது.

இனி செலவு. முதுகுத் தோலின் அடியில் கொழுப்பும் ஒரு மெல்லிய தசைப் படலமும் உண்டு. அதைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் ஒட்டுக்கு ஊறல் எட்டாது, நடுவில் அழுகும். தோலின் தடிப்பும் நாளுக்கு நாள் மாறும்: முடி வளரும் பருவத்தில் தோல் தடித்துவிடும், ஓய்வுப் பருவத்தில் மெலியும். பிளாக்-6 எலியில் இதைச் சிரைத்துப் பார்த்தாலே தெரியும். தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் ஓய்வு, சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் முடி வளர்கிறது. ஏழு எட்டு வாரம் முடிந்த எலிகள் பொதுவாக ஓய்வில் இருக்கும், அந்த வயதில் எடுத்தால் துண்டுகள் ஒரே சீராக வரும். ஆண் தோல் பெண் தோலைவிடத் தடிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

தையலும் தேவைப்படும். நான்கு மூலையிலாவது போட வேண்டும். அதாவது எலி மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடும், உடம்பு குளிரும்.

| | வால் | காது | முதுகு |
|---|---|---|---|
| ஒரு கொடை எலிக்கு ஒட்டுகள் | 5–6 | 2 | 8-க்கு மேல் |
| புதிய கைக்கு | சுலபம் | கஷ்டம் | நடுத்தரம் |
| தையல் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |
| நிராகரிப்பைப் படிப்பது | பழகினால் தெளிவு | நடுத்தரம் | முடி வந்தபின் மிகத் தெளிவு |
| கடைசியில் திசு மிஞ்சுமா | மிஞ்சும் | குறைவு | நன்றாக மிஞ்சும் |
| மறைந்த செலவு | மேல்தோல் உரிவதை நிராகரிப்பாக எண்ணுவது | தலைகீழாக ஒட்டுவது | கொழுப்புச் சுரண்டல், மயக்க நேரம் |

இரண்டு வாரத்தில் முடியும் நிராகரிப்புச் சோதனைக்கு வால். மாதக்கணக்கில் ஒட்டு நிற்குமா என்று பார்க்கும் சோதனைக்கு முதுகு. சந்தேகமாக இருந்தால் வால்.

## ஆணா பெண்ணா: என் சொந்தக் கதை

ஆண் எலிகளை ஒரே கூண்டில் வைத்தால் சண்டை போட்டு ஒட்டையே கிழிக்கும் என்பதால் பெறும் எலிகள் பெண்ணாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சரியான முடிவுதான். கொடை எலிகளாக, கூண்டில் மீந்து கிடந்த ஆண்களை எடுத்துக்கொண்டேன். அதுதான் தப்பு. ஒப்பீட்டுக்காக பிளாக்-6 தோலையே பிளாக்-6 எலிக்கு ஒட்டிய குழு ஒன்று இருந்தது, ஒரே வகை எலிகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அது என்றைக்கும் நிற்க வேண்டும். நாலாவது வாரம் ஒவ்வொன்றாகக் கறுக்க ஆரம்பித்தது.

1955-லேயே ஐக்வால்ட், சில்ம்ஸர் என்ற ஆய்வாளர்கள் எழுதி வைத்த விஷயம்: ஒரே வகையாக இருந்தாலும் ஆண் தோலைப் பெண் எலி நிராகரிக்கும், ஒய் குரோமோசோமிலிருந்து வரும் புரதங்கள் அதற்கு அந்நியம். பிளாக்-6 பெண்கள் இதில் குறிப்பாகக் கறார். பெண் தோலை ஆணுக்கு ஒட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. இப்போது இரண்டு பக்கமும் பெண்ணாகவே வைத்துக்கொள்கிறேன். பாலின ஆய்வு என்றால் கதை வேறு.

## எப்படி நிறுத்துவது: கட்டு, தையல், பசை

முதலில் ஒட்டுப் படுகை. வளைந்த கத்தரியால் தோலை மட்டும் வட்டமாக எடுத்து, அடியிலுள்ள ரத்தக் குழாய்ப் படலத்தைக் காயப்படுத்தாமல் விட வேண்டும். துண்டைவிடப் படுகை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் ஓரங்கள் ஏறிக்கொள்ளாது. ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்தி, முழுக்க நின்றபின் ஒட்டுங்கள். அடியில் ஒரு துளி ரத்தம் உறைந்தாலும் ஒட்டு மிதக்கும்.

*பசை.* திசுப் பசை வேகமானது. ஓரத்தில் மட்டும் தொட்டால் நல்லது. அடியில் வழிந்தால் ஊறலுக்குத் தடுப்புச் சுவர், ஒட்டு அங்கேயே சாகும். புதியவர் கையில் வழியாமல் இருப்பதில்லை.

*தையல்.* உறுதி. ஆனால் எலிக்குத் தையல் நூல் ஒரு விளையாட்டுப் பொருள். தையல் போட்டாலும் மேலே கட்டு வேண்டும், ஆக இது கட்டுக்குப் பதில் இல்லை, கட்டோடு கூடுதல்.

*கட்டு.* வாசலின் தடவிய காஸ் (மெல்லிய வலைத்துணி) துண்டு, அதற்கு மேல் உலர்ந்த காஸ், அதைச் சுற்றி மார்பைச் சுற்றும் ஒட்டுப்பட்டை. கேட்க எளிது. இதில் தவறும் விதம் இரண்டு. தளர்வாகக் கட்டினால் எலி நடக்க நடக்கக் கட்டு பின்னால் நழுவி, இடுப்பில் பாவாடை மாதிரி நிற்கும். ஒட்டு அதனுடனேயே இழுபட்டுப் போயிருக்கும். இறுக்கினால் மூச்சுத் திணறும், முன்னங்கால் வீங்கும், அக்குள் புண்ணாகும். மயக்கத்தில் தளர்ந்து கிடக்கும் எலி எழுந்து கூன்போட்டு உட்கார்ந்ததும் மார்பின் சுற்றளவே மாறிவிடும், படுக்கையில் சரியாக இருந்த கட்டு அப்போது சரியாக இருக்காது. மூடிய மெல்லிய இடுக்கியின் நுனி கட்டுக்கு அடியில் நுழைய வேண்டும், அதுவே என் அளவு. எலி விழித்த ஒரு மணி நேரத்தில் திரும்பப் போய் முன்னங்கால் நிறத்தையும் மூச்சையும் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். பின்னங்கால் நகங்களை மயக்கத்திலேயே நுனி வெட்டிவிட்டால் கட்டைப் பிறாண்டுவது குறையும்.

கட்டை ஏழாம் நாள், லேசான ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் பிரிக்க வேண்டும். ஒட்டுக்கு எதிர்ப்பக்கம், வயிற்றுப் பக்கமாகக் கத்தரித்து, உப்புக் கரைசலால் நனைத்து நனைத்து உரிக்க வேண்டும். பிடித்திருந்த ஒட்டுகளை அவசரத்தில் காஸோடு சேர்த்துப் பிய்த்த கைகள் ஏராளம், என் கையும் அதில் ஒன்று. பிரிக்கும்போதே ஒட்டாமல் கிடந்தால் அது கைக்கோளாறு, நிராகரிப்பு அல்ல. அதைக் கணக்கிலிருந்து விலக்கி, விலக்கியதையும் எழுதி வைக்க வேண்டும். இந்த விதியைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம்.

## மயக்கம், வலி மருந்து

மயக்கத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஐசோஃப்ளூரேன் கருவி இருந்தால் அதுவே. மூன்று நான்கு சதவீதத்தில் தூங்க வைத்து, ஒன்றரை இரண்டில் நிறுத்தினால் போதும், வாயுவை நிறுத்திய சில நிமிடத்தில் எலி எழுந்துவிடும். கெட்டமைன்-சைலசீன் ஊசிக்குக் கருவி வேண்டாம், ஆனால் எலி எழுந்திருக்க நெடுநேரம் ஆகும், அதுவரை உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். கெட்டமைன் நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து வேறு, பூட்டிய அலமாரி, பதிவேடு எல்லாம் உண்டு. எதை எடுத்தாலும் கண்ணுக்கு களிம்பு, அடியில் வெப்பத் திண்டு, தோலுக்கடியில் அரை மில்லி வெதுவெதுப்பான உப்புக் கரைசல். அறுவைக்கு முன் எலியைப் பட்டினி போடத் தேவையில்லை, எலியால் வாந்தி எடுக்க முடியாது.

வலி மருந்தில்தான் உண்மையான தேர்வு. பியூப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. வலியை நன்றாக அடக்கும், நோய் எதிர்ப்பு மண்டலத்தை மார்ஃபின் அளவுக்குத் தொந்தரவு செய்யாது. ஆனால் சாதாரண ஊசி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அப்படியென்றால் ராத்திரி பத்து மணி ஊசிக்கு யார் வருவது? இதை முடிவு செய்யாமல் மருந்தை முடிவு செய்வது வீண். இன்னொரு பொறி, ஆம்ப்யூல் மில்லிக்கு 0.3 மில்லிகிராம் என்று வரும், 20 கிராம் எலிக்கு வேண்டியது அதிகபட்சம் இரண்டு மைக்ரோகிராம். பத்து மடங்கு கரைத்தால் 0.07 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்க வேண்டும். கரைக்காமல் எடுத்தால் ஊசிக்குழலின் கோட்டில் அளக்கவே முடியாது.

கார்ப்ரோஃபென் கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. வாங்கவும் சுலபம். ஆனால் அது அழற்சியைத் தணிக்கும் மருந்து, நீங்கள் அளப்பதே அழற்சி என்றால் யோசிக்க வேண்டும். என் வழக்கம் முதல் இரண்டு நாள் பியூப்ரினார்ஃபின், கால்நடை மருத்துவர் ஒப்புக்கொண்டால் அறுவை அன்று மட்டும் ஒரு கார்ப்ரோஃபென். எதுவானாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி. "வலி மருந்து தரவைக் கெடுக்கும், அதனால் கொடுக்கவில்லை" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. வலியும்தான் தரவைக் கெடுக்கிறது.

## தனிக் கூண்டா, கூட்டமா

சுண்டெலி கூடி வாழும் உயிர். தனியே வைத்தால் வாடும், குளிரும். கூட்டமாக வைத்தாலோ ஒன்றின் கட்டை இன்னொன்று கடித்தே அவிழ்த்துவிடும். கட்டு இருக்கும் ஏழு நாள் தனியே வைத்து, கூடு கட்ட நிறையத் தாள்நார் கொடுத்து, கட்டைப் பிரித்து இரண்டு நாள் கழித்துப் பழைய கூட்டாளியோடு சேர்ப்பது பெண் எலிகளுக்குச் சரிப்படுகிறது. ஆண்களைப் பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்காதீர்கள், ரத்தம் பார்க்காமல் விடாது.

கட்டுப் போட்ட எலியால் நிமிர்ந்து கம்பித் தட்டிலுள்ள தீனியை எட்ட முடியாது. ஊற வைத்த தீனியைத் தரையில் வையுங்கள், தண்ணீர்க் குழாய் நீளமாக இருக்கட்டும். எடையைக் கட்டுப் போட்ட பிறகு ஒருமுறை எடுத்து அதையே தொடக்க எடையாக வையுங்கள். கட்டு ஒரு கிராம் இருந்தாலே 20 கிராம் எலியில் ஐந்து சதவீதம், அந்த அளவு இளைப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பத்து சதவீதம் இறங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இருபது என்றால் பெரும்பாலான நெறிமுறைகளில் அந்த எலிக்குச் சோதனை முடிந்தது. முகத்தையும் பாருங்கள்: கண் இடுங்கி, காது பின்னால் மடிந்து, மீசை விறைத்திருந்தால் வலி. 2010 முதல் இதற்கு மதிப்பெண் முறையே இருக்கிறது. கூடு கட்டாமல் மூலையில் குந்தியிருந்தாலும் அப்படித்தான்.

## எந்தக் கிழமை

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. வெள்ளிக்கிழமை அறுவை வைக்காதீர்கள், கட்டு நழுவும் முதல் இரண்டு ராத்திரியும் சனி ஞாயிறில் விழும். நான் செவ்வாய் வைக்கிறேன். புதனும் வியாழனும் எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள். அடுத்த செவ்வாய் ஏழாம் நாள், கட்டுப் பிரிக்கலாம். அதற்கு அடுத்து வரும் சனி பதினோராம் நாள், ஞாயிறு பன்னிரண்டாம் நாள், பால்ப்-சி ஒட்டுகள் விழும் உச்ச நேரம். அந்த இரண்டு நாளும் காலையில் வந்து ஒட்டுகளைப் படிக்கப்போவது யார் என்ற பெயரை அறுவைக்கு முன்பே கூண்டு அட்டையில் எழுதிவிடுங்கள். எந்த ஒட்டு எந்தக் குழு என்று தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.